மாட வீதியில் கருவாட்டுக் கணக்கு

கருவாடு எவ்வளவு தின்பீர்கள் என்று மயிலாப்பூர் மாட வீதியில் வீடு வீடாகப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும்? கேட்டவன் நின்ற இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் எங்கள் அலுவலகத்தில் விஞ்ஞான முடிவு எடுத்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்து நாலாம் வருஷம். அடையாறில் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கடற்கரைக் குப்பத்திலிருந்து பி.எஸ்ஸி. படித்து வந்த ஜெசிந்தா என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும்; என் வாய் அப்படி. ஒரு வியாபாரியின் கோடவுனிலிருந்து வந்த சுறாக் கருவாட்டில் பூச்சிமருந்து இருந்தது. வண்டு அரிக்கக்கூடாதென்று தூளை அப்படியே தூவியிருக்கிறான், கட்டையில் போறவன். சோதித்தவள் நானேதான். ஆனால் கருவாட்டில் மருந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று சட்டத்தில் அளவு ஏதும் இல்லை. ஆகவே, சனங்கள் சராசரியாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து, ஆபத்து உண்டா என்று நாங்கள் சொல்லவேண்டும். ஆபத்து இல்லையென்றால் சரக்கு கடைக்குப் போகும்.

டைரக்டர் ஸ்ரீனிவாசராகவன் முடிவைச் சொன்னார். "தலைக்கு வாரத்துக்கு ஒரு நகக்கண் அளவுதான் வரது. பயமே இல்லை. ரிலீஸ் பண்ணிடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அண்ணி சலேத்மேரி பிள்ளை பெற்றுப் பச்சை உடம்பாக வீட்டில் இருந்தாள். எங்கள் குப்பத்தில் பால் ஊறுவதற்குச் சுறாக் கருவாடுதான் பத்தியம். வேளா வேளைக்கு அதுதான் குழம்பு. இந்த மருந்தோ உடம்புக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு தாய்ப்பாலில் இறங்கும்.

கணக்கெடுத்த அம்பியிடம் திரும்பினேன். "எங்கெங்க போய்க் கேட்டீங்க?"

"மாட வீதி, அபிராமபுரம், தி.நகர். எந்த ஆத்துலயும் தொடறதில்லைன்னா. ஜவுளிக்கடைக்காரா மட்டும் எப்பவாவதுன்னு சொன்னா."

"குப்பத்துக்கு?"

"அங்கெல்லாம் நாத்தம் தாங்காதே."

மாதாவே! எனக்கு ரத்தம் கொதித்தது. "எங்க குப்பத்துல பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற இதுதான் பத்தியம். திங்காதவங்களை எல்லாம் சேர்த்து வகுத்துட்டு, திங்கறவளுக்கு ஆபத்து இல்லைன்னு சொல்றீங்களா?"

"சராசரின்னா அப்படித்தாம்மா," என்றார் டைரக்டர். "எல்லாரையும் சேர்த்துண்டுதானே பாக்கணும்?"

"சார், உங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்தப்ப வீட்டுல லேகியம் கிண்டினாங்களே, அதுல விஷம் இருந்தா? எங்க குப்பத்துல வந்து, 'நீங்க லேகியம் எவ்வளவு சாப்பிடறீங்க'ன்னு கேட்டு, உங்க பேத்திக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதுவீங்களா?"

அம்பி விட்டத்தைப் பார்த்தார். டைரக்டருக்கு முகம் சிவந்தது.

"வாயை அடக்கிப் பேசு," என்றார். என் சோதனை அறிக்கையை இழுத்து மறுபடி படித்தார். "இப்படி ஒரு பத்தியம் இருக்குன்னே எனக்குத் தெரியாதேம்மா." பிறகு போனை எடுத்து, கோடவுனைப் பூட்டி சீல் வைக்கச் சொன்னார்.

ஜெயித்துவிட்டேன் என்ற கர்வத்தோடு பஸ் பிடித்துக் குப்பத்துக்கு ஓடினேன். அண்ணி சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் கருவாட்டுக் குழம்பு. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"எங்க வாங்கினே?"

"கோடவுன்காரரு ஆளு வந்து மலிவா குட்த்துட்டுப் போனான். சோதனையில பாஸாயிட்ச்சாமே. குப்பம் பூரா வாங்கிக்கினு கீது."

முடிவு வெளியே போகவே இல்லை, அதற்குள் பாஸாம்! தட்டைப் பிடுங்கினேன். விஷயத்தைச் சொன்னேன். கோடவுனைப் பூட்டவைத்ததையும் சொன்னேன். "பாலை நிறுத்திடாத அண்ணி, அது நல்லதுதான். கருவாடு மட்டும் வேணாம்."

அண்ணி பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"பூட்டிட்டியா? ரொம்ப சந்தோசம். நாளிக்கு நான் இன்னாத்த துன்னுட்டு இதுக்குப் பால் குடுப்பேன்? அதயும் சொல்லிட்டுப் போ."

கருவாடாக்காத பச்சைப் பால்சுறா கிடைத்தால் போதும், அதுவும் பால் ஊறவைக்கும், புட்டு செய்து தரலாம் என்று கரைக்கு ஓடினேன். வலை மடித்துக்கொண்டிருந்த தேசப்பன் தலையை ஆட்டினார். வலையில் பட்ட சுறா மொத்தமும் காலையிலேயே வண்டி ஏறிவிட்டதாம், கருவாடு போட. அதே வியாபாரிக்குத்தான். மணலில் நின்று அவன் வம்சத்தையே வாய் வலிக்கத் திட்டினேன். தேசப்பன் பாவம், அவருக்கும் இரண்டு திட்டு விழுந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பியபோது, பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.