சாப்பிடும்போது பார்க்காதீர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இந்தக் கதையை எழுதி முடித்துவிட்டேன். அதில் நாய் முதல் நாளே என் காலடியில் தலை வைத்துத் தூங்கும். நான் கண் கலங்குவேன். காப்பகத்திலிருந்து வந்த நிஜ நாயோ நேராகப் போய் என் மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டது. கதை குப்பைக்குப் போயிற்று.

2

மறுபடி தொடங்குகிறேன். "மழையில் நனைந்த இரண்டு கண்கள்..." (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

"காதில் தழும்புள்ள அந்தக் கறுப்பு நாய், தன் பழைய எஜமானனை நினைத்து..." (யாரை நினைத்ததோ, எனக்கெப்படித் தெரியும்?)

தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு நாளாக அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. காப்பகத்துப் பெண் போனில் சொல்லிவிட்டாள். "நாளைக்குக் காலை வரைக்கும் பாருங்க சார். அப்பவும் சாப்பிடலேன்னா நாங்களே திரும்பக் கூட்டிட்டுப் போயிடறோம். அதுதான் அதுக்கு நல்லது."

கிண்ணத்தில் புதுச் சோறு போட்டு, மெஷினுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். கதைக்காக அல்ல.*

* கொஞ்சம் கதைக்காகவும்தான்.

3

இந்த இடத்தில் மனைவி என்ற பாத்திரத்தை மெல்ல அறிமுகப்படுத்த... அவளே வந்துவிட்டாள். தைத்து முடித்த சீருடைகளை மடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்துக்கு நேரே தரையில் சம்மணமிட்டு, மடியில் நோட்டோடு, நாயின் மூக்கைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"இப்படி முறைச்சுக்கிட்டு உட்கார்ந்தா யாருக்குத்தாங்க சாப்பாடு இறங்கும்?"

"முறைக்கலை. கவனிக்கிறேன்."

"அதுக்கு வித்தியாசம் தெரியுமா? கல்யாணமான புதுசுல எனக்கே தெரியலை. நான் சாப்பிடறதையும்தான் எழுதினீங்க."

"அந்தக் கதை நல்லா வந்துச்சே!"

"வந்துச்சு. நான்தான் அரை வயிறா எழுந்தேன். திரும்பி உட்காருங்க."

திரும்பிவிட்டால் நடப்பதை எப்படி எழுதுவது என்று வாதாடினேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, தானும் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

4

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. (அ) சாப்பிடுகிறது. (ஆ) காலையில் காப்பகத்து வண்டி வந்து, அதன் கழுத்தில் கயிறு மாட்டி... இதை எழுத மாட்டேன்.

சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இவளோடு இப்படிச் சும்மா உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று! சந்தோஷமாகவே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் தரையில் நகம் படும் சத்தம் கேட்கிறது. நிற்கிறது. மறுபடியும் கேட்கிறது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

இப்போது கிண்ணம் லேசாக நகர்கிறது. முகர்கிறதா, சாப்பிடுகிறதா? தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பப் போவதில்லை. வாசகரே, நீங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள்; உங்களுக்கு எல்லாம் தெரியும். தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.