மூன்று ராத்தல் நைலோன்

மேமலைத் தோட்டத்தில் ஏதாவது நல்லது நடக்க வேண்டுமென்றால் விசிட்டிங் துரைக்கு மீன் அகப்பட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக்கூட இது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கம்பெனி அவரைக் கொழும்பிலிருந்து அனுப்பி வைக்கும். வெள்ளியும் சனியும் மலையைச் சுற்றிவிட்டு, கேட்டதற்கெல்லாம் முடியாது என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை தேயிலை ஸ்டோருக்குக் கீழே உள்ள ஊற்றுக் குளத்தில் தூண்டில் போடுவார். ஒரு கெண்டை கரையேறிவிட்டால் அதற்குப் பிறகு அவரும் மனுஷர்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் அவர் வரப்போகிறார் என்றதும் இராசையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பங்களாத் தோட்டக்காரன். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை மீன் பிடிக்கப் போனால் கம்பு தூக்குவது, தூண்டில் முள் கட்டுவது, வலை பிடிப்பது எல்லாம் அவன்தான். அவனும் இராக்கம்மாவும் எட்டு மாதக் குழந்தை செவ்வந்தியும் இருந்தது மேட்டு லயத்தில். காம்பரா என்கிற ஒற்றை அறைகள் பத்து ஒட்டி நின்ற அந்த லயத்தின் முதுகுக்குப் பின்னால் மலை செங்குத்தாக நின்றது. போன வருஷ மழையில் இராசையாவின் காம்பராவில் பின்சுவரும் குறுக்குச்சுவரும் சேருகிற மூலையில் ஒரு விரிசல் விட்டிருந்தது. இந்த வருஷ மழை தொடங்கியதும் அதற்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது.

பெரிய கிளாக்கர் கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். முகத்தில் சிரிப்பைக் காண்பது அரிது, ஆனால் நல்ல மனுஷர். லயத்துச் சனத்தை, பூட்டிக் கிடக்கும் பழைய ஸ்டோருக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிய கடிதத்தை அவர் இராசையாவின் கையில் வைத்தார்.

"இராசையா, நான் ரெண்டு தரம் எழுதிப் போட்டன். விசிட்டிங் துரையைக் கேக்கவேணும் எண்டுறார் பெரிய துரை. அந்த மனிசன் கந்தோர் மேசையிலை இருந்தால் ஒண்டுக்கும் ஓமெண்டு சொல்லாது. மீன் பிடிச்ச கையோடை நீ இதை நீட்டு."

"மீனு மாட்டலன்னா ஐயா?"

"மாட்டவேணும்," என்றார் கனகரத்தினம். அதற்கு மேல் அவரிடமும் வழி இல்லை.

பெரிய துரை அவனைப் பதுளைக்கு அனுப்பினார். இதுவரை அவர் முள் கட்டப் பயன்படுத்தியது பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்த நரம்பு. தண்ணீரில் ஊறவைத்துத்தான் முடிச்சுப் போட வேண்டும். காய்ந்து கிடந்தால் படக்கென்று ஒடிந்துவிடும். இப்போது நைலோன் என்று ஒரு புது நூல் வந்திருக்கிறதாம். "நல்லது பார்த்து எடு" என்று மட்டும் சொன்னார் துரை. எது நல்லது என்று அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வழக்கம் துரைமாருக்கு இல்லை.

பதுளைக் கடைவீதியில் ஹுமைத்தின் கடையில் இரண்டு சுருள் இருந்தன. ஆறு ராத்தல் தாங்குவது ஒன்று, மூன்று ராத்தல் தாங்குவது ஒன்று. இராசையா இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். ஆறு ராத்தல் நூல் தடியாகத் தெரிந்தது. ஊற்றுக் குளத்துத் தண்ணீர் எந்த மழைக்கும் கலங்காது. அந்தக் கெண்டைகள் நூலைக் கண்டால் திரும்பிப் போகிற சாதி. மூன்று ராத்தல் நூல் தலைமயிர் போலக் கண்ணுக்கே படவில்லை. ஆனால் பெரிய மீன் ஒன்று இழுத்தால்? அறுந்துவிட்டால் கடிதமும் போயிற்று, லயமும் போயிற்று.

"என்ன அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க," என்றார் ஹுமைத். "மெல்லிசத்தையே எடுங்க. தடிச்சத மீனு திரும்பியும் பாக்காது. இத ஊறப்போடவும் தேவல்ல. நனஞ்சாலும் தளராது, அழுகாது."

நனைந்தாலும் தளராது என்ற சொல் இராசையாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காரணம் மீன் அல்ல.

காம்பரா பகலிலும் இருட்டு. ஊதல் காற்று வராமலிருக்க விரிசலுக்குள் சாக்கைத் திணித்திருந்தார்கள், அதனால் அது பெரிதாகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. இராசையா ஒரு வேலை செய்திருந்தான். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவே துரை எறிந்த நரம்புத் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தான். சுவர் அசைந்தால் அது அறும், அறுந்தால் தெரிந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஆனால் நரம்பு ஈரத்தில் ஊறித் தொளதொளவென்று தொங்கியது. அதை நம்பி எப்படித் தூங்குவது?

மூன்று ராத்தல் நூலை வாங்கினான். துரையின் சுருளில் ஏற்றியதும் மிஞ்சிய துண்டை ஆணிகளுக்கு நடுவே கட்டினான். ஓர் ஆணியில் பல சுற்றுச் சுற்றி இறுக்கினான். மற்றதில் கை பழகிய அதே முடிச்சு: ஒரு சுற்று, உள்ளே விட்டு ஓர் இழுப்பு, நாலு விரல் நீளத்துக்கு வால். தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் கையை உயர்த்தி நூலைச் சுண்டிப் பார்த்தான். கிண் என்றது. மழை கொட்டியது, கிண் என்றது. ஆறு நாளும் அறவில்லை.

"செவரு அசையல புள்ள," என்றான் இராக்கம்மாவிடம். "அசஞ்சிருந்தா இந்த நூலு எப்பவோ அறுந்திருக்கும்."

"நெசமாவா?"

"மூணு ராத்தலுக்கு மேல தாங்காது. நா கட்டுனது, எனக்குத் தெரியாதா?"

விரிசலுக்குப் பயந்து தொட்டிலை வாசல் பக்கம் கட்டியிருந்ததில், சாரல் அடித்துக் குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. அவன் பேச்சை நம்பி இராக்கம்மா தொட்டிலைப் பழையபடி பின்சுவர்ப் பக்கம் மாற்றச் சொன்னாள். மாற்றிக் கட்டியதும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. குளக்கரையில் விசிட்டிங் துரை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய துரை பின்னால் நின்றார், அவருக்குப் பின்னால் கனகரத்தினம். எல்லாருக்கும் பின்னால் வலையோடு இராசையா. சட்டைப் பையில் கடிதம். விரல் தடிப்பே உள்ள குட்டிக் கம்பு அது. அதில் மூன்று ராத்தல் நைலோன், சின்ன முள், ஒரு மண்புழு. இராசையா கும்பிட்ட சாமிகளின் பட்டியலைச் சொன்னால் பொழுது போய்விடும்.

ஒரு மணி நேரம் கழித்து மிதவை அமுங்கியது. கம்பு வில்லாக வளைந்தது. தண்ணீருக்கடியில் பொன்னிறமாக ஒரு முதுகு புரண்டதைப் பார்த்து விசிட்டிங் துரை சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டார். மூன்று ராத்தலா, நாலு ராத்தலா? இராசையா மூச்சை அடக்கிக்கொண்டு வலையோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். இன்னும் இரண்டு முழம். இன்னும் ஒரு முழம்.

கம்பு சட்டென்று நிமிர்ந்தது. மீன் போய்விட்டது.

"நூல் அறுந்தது!" என்று விசிட்டிங் துரை கத்தினார். "யார் இந்தக் குப்பை வாங்கினது?"

பெரிய துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் இராசையாவைப் பார்த்தார். இராசையா யாரையும் பார்க்கவில்லை. காற்றில் ஆடிய நூலின் நுனியைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுவந்தான். அறுந்த நூல் நறுக்கென்று நின்றிருக்க வேண்டும். இது பன்றிவால் போலச் சுருண்டு கிடந்தது. நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் போட்ட முடிச்சுத்தான் வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஊறிய நரம்பை அந்த ஒரு சுற்று கவ்விப் பிடிக்கும். வழவழத்த நைலோனைப் பிடிக்கவில்லை. இழுக்க இழுக்க விட்டுக்கொடுத்திருக்கிறது.

இழுக்க இழுக்க விட்டுக்கொடுத்திருக்கிறது!

வீட்டில் ஆணியிலும் அதே முடிச்சு. நூல் அறவில்லை என்று ஆறு நாளாக நிம்மதியாக இருந்தானே, அது எப்படி அறும்? சுவர் நகர நகர வால் உள்ளே போய்க்கொண்டிருக்கும், நூல் கிண் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரடியில் தொட்டில். தொட்டிலில் செவ்வந்தி.

அவன் வலையைப் போட்டுவிட்டு ஓடினான்.

"டேய்! எங்கே போறது?" என்றார் விசிட்டிங் துரை. அவரிடம் சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் ஓடுவதை அவர் அந்தத் தோட்டத்தில் கண்டதில்லை. பைக்குள் கடிதம் இருப்பதே இராசையாவுக்கு நினைவில்லை. ஸ்டோரைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் மேட்டுக்கு ஏறினான். பின்னால் யாரோ மூச்சு வாங்க ஏறிவருவது கேட்டது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

இராக்கம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவன் தொட்டிலுக்குள் கைவிட்டுத் தூங்குகிற குழந்தையை அள்ளி அவள் மடியில் போட்டான்.

"வெளிய போ. ஒண்ணையும் எடுக்காத, போ!"

பிறகு நெருப்புக்குச்சி கிழித்து ஆணியைப் பார்த்தான். நாலு விரல் விட்டிருந்த வாலில் நகத்தளவுகூட மிச்சமில்லை. திணித்த சாக்கு பிடிமானம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்தான், தானாகவே கையோடு வந்தது. விரிசலுக்குள் அவன் முழங்கை வரைக்கும் போயிற்று. உள்ளே மண் ஈரமாக இருந்தது, மெல்ல அசைவது போலவும் இருந்தது.

பின்னால் ஏறிவந்தது கனகரத்தினம். வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பழைய ஸ்டோர்த் திறப்பு என்னட்டை இருக்கு," என்றார். "எல்லாரையும் இறக்கு. நான் போய்த் திறக்கிறன்."

"ஐயா, கையெழுத்து இல்லாம நீங்க..."

"கையெழுத்தைப் பிறகு பாப்பம். ஓடு!"

பத்துக் காம்பராவின் கதவையும் இராசையா தட்டினான். சட்டி பானை, கோழிக்கூடு, சாமி படம் என்று திரும்பிப் போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கடைசி ஆளும் பழைய ஸ்டோருக்குள் போய்ச் சேர்ந்தபோது மறுபடியும் மழை பிடித்திருந்தது. மூன்று மணிபோல மேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். நனைந்துகொண்டு போய்ப் பார்த்தால், நடுவில் நாலு காம்பராவுக்குப் பின்சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் கூரை வரைக்கும் சிவப்பு மண். இராசையாவின் காம்பரா அந்த நாலில் இரண்டாவது.

விசிட்டிங் துரை சாயங்காலம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அதைப் பார்த்தார். பிறகு கடிதத்தைக் கேட்டு வாங்கினார். ஈரத்தில் மை கலைந்திருந்த அந்தத் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பின்பு கனகரத்தினம் அதை இராசையாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"தன்ரை உத்தரவிலைதான் லயம் காலி செய்யப்பட்டதாம். திகதி நேற்றையது." கிளாக்கரின் குரலில் ஆத்திரம் இருந்தது. "பாத்தியே மனிசன்ரை கெட்டித்தனத்தை?"

"எழுதிட்டுப் போகட்டுங்கையா," என்றான் இராசையா. ஓடிவந்ததற்கு அடி விழவில்லை, கிளாக்கர் ஐயாவின் வேலையும் போகவில்லை. அவனுக்கு அது போதும்.

உண்மையில் அவன் துரையை நினைக்கவே இல்லை. ஸ்டோரின் மூலையில் இராக்கம்மா சேலையை விட்டத்துக்கு மேலே எறிந்துகொண்டிருந்தாள். தொட்டில் கட்ட அவன் வழக்கம்போல எழுந்து போய்க் கையை நீட்டினான்.

அவள் கோபப்படவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. அவன் கையை மட்டும் மெதுவாக விலக்கினாள். ஒரு முடிச்சுப் போட்டாள், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இரண்டு தரம் தொங்கிப் பார்த்தாள். அதன் பிறகுதான் குழந்தையை உள்ளே போட்டாள்.