அரிசிக்குள் டோக்கன்

இருபத்தாறு மணி நேரமாக அந்தப் பித்தளை டோக்கன் ஹில்டாவின் அரிசி டின்னுக்குள் இருந்தது. அடியில் கை விட்டுப் புதைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அது மேலே வந்து படுத்திருந்தது. கனமான பொருள் கீழேதானே போக வேண்டும்? இன்று காலையும் 39 என்ற எண் அவளையே பார்த்தது.

அது ரகுநாதனின் எண். தொழிற்சாலையில் கலவை டிரம்மைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவன், சுவிட்சில் தன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவனே வந்து எடுக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. திங்கட்கிழமை சாயங்காலம் ரகுநாதன் உள்ளே இருக்க, கூட வேலை செய்யும் பழனிசாமி டிரம்மை ஓட்டி, அவன் சாகக் காரணமாகிவிட்டான். டோக்கன் தொங்கவில்லை என்று அழுகிறான். யாரும் நம்பவில்லை.

விசாரிப்பவர் ஹில்டாவின் கணவர், ஃபோர்மேன் கிதியோன். லஞ்சம் தொடாதவர், ஆளுக்கொரு நியாயம் பேசாதவர் என்று லோத்குண்டா ஊர் முழுக்கப் பெயர். எதுவும் இடம் மாறிக் கிடந்தால் அவருக்கு ஆகாது. வேலை முடிந்து சங்கு ஊதிய பிறகும் சுவிட்சுகளில் தொங்கும் டோக்கன்களைக் கழற்றி வைத்திருந்து மறுநாள் திட்டிக் கொடுப்பார். எத்தனை கழற்றினார் என்று அவருக்கே நினைவிருக்காது. வீட்டிலும் தரையில் ஹேர்பின் கிடந்தால், கண் வேறெங்கோ இருக்க, கை அதை எடுத்துக்கொள்ளும்.

வீட்டு வாசல் கேட்டில் பழனிசாமியின் மனைவி ருக்மிணி விடிந்ததிலிருந்து நிற்கிறாள். கூப்பிடவில்லை. அழவும் இல்லை.

மகள் ஐவி பி.ஏ. பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டீ அது, ஒரே பாட்ட நூறு தடவ?" என்றார் கிதியோன், இட்லியைப் பிட்டபடி.

"பழைய நாடகத்து ஹீரோ டாடி. ரொம்ப நல்லவன், ஊரே மதிக்கும். அவனோட ஒரு குணமே அவனக் கவுத்துடும். கடைசில அவனே அதத் தெரிஞ்சுப்பான்."

"வேணும்னு செஞ்சானா?"

"நக்கோ டாடி, இல்லவே இல்ல, தெரியாமதான்."

"தெரியாம செஞ்சாலும் போன உசுரு வருமாட்டீ? விடப்படாது." சிரித்துவிட்டு ஹில்டாவிடம் திரும்பினார். "பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் வருது. பழனிசாமிய ஒப்படைச்சிருவேன். டோக்கனத் தூக்கி எறிஞ்சுட்டுப் பொய் சொல்லுதான்."

ஹில்டா அடுக்களைக்குப் போனாள். இந்த முறையும் தேட வேண்டியிருக்கவில்லை.

"ஏங்க," என்று அதைத் தட்டின் அருகே வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டி எண்ணைப் படித்தார். முகம் கறுத்தது. "இது எங்க கெடந்துது?"

டோக்கனில் ஒட்டியிருந்த அரிசி மாவை அவர் கட்டைவிரலால் துடைத்தார். ஜன்னல் வழியே ருக்மிணி தெரிந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, கை தன்பாட்டுக்கு இறங்கி டோக்கனைக் காக்கி பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டது.

போன கை அங்கேயே நின்றது. உள்ளறையில் ஐவியின் குரலும் நின்றிருந்தது.

"அங்கனதாங்க," என்றாள் ஹில்டா. "நேத்துத் துவைக்க எடுக்கையில, அங்கனதாம் கெடந்துது."