அக்கா பெயரில் பதில்

கப்பல் வேலைக்கு மாமா ஆறு மாதம் போனார். அவருடைய மூன்று தினவாடகை வீடுகளையும் அதுவரை நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. முன்பு அவர் மனைவி, என் அக்காதான் பார்த்தாள். அவள் இறந்து எட்டு மாதம். நான் இரவுப் பணியைப் பாதியில் விட்டுவிட்டுச் சம்பளம் இல்லாமல் கிடந்தேன்.

"வாடகையில நூத்துக்குப் பத்து," என்றார் மாமா, பெட்டியை மூடிக்கொண்டே.

"வெளியாள் இருபது கேப்பான்."

"பொண்டாட்டி தம்பிக்கு இருபது குடுத்தா நான் கடல்ல மீன் பிடிச்சுத்தான் திங்கணும், மச்சான்."

"ஒரு மாசம் செய்யறேன். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம்னு எழுதி வெக்கறேன். அதைப் பார்த்து முடிவு பண்ணலாம்."

ஒத்துக்கொண்டார்.

எழுதினேன். பதினொரு மணிக்கு ஆள் காலி செய்தால், இரண்டு மணிக்கு அடுத்த ஆள். நடுவில் விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறைச் சல்லடையில் முடி பொறுக்க வேண்டும், குப்பை இறக்க வேண்டும், வாசல் சாவிப் பெட்டியின் பூட்டு எண்ணை மாற்ற வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம். இதெல்லாம் கணக்கில் அடங்கியது.

அடங்காதது பதில்கள். இணைய வாடகைத் தளத்தில் வீடுகள் அக்கா பெயரில், அவள் படத்தோடு இருந்தன. நானூறு பேர் அவளைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பெயரை மாற்றினால் அத்தனையும் போய்விடும் என்று மாமா அப்படியே விட்டிருந்தார். வருபவர்கள் அவளிடம்தான் கேட்டார்கள். முதல் வாரம் அவளுடைய பழைய பதில்களைத் தேடி எடுத்து ஒட்டினேன். இரண்டாம் வாரம் தேட வேண்டியிருக்கவில்லை. "வாம்மா, சாவி பெட்டியில இருக்கு, படி இருட்டா இருக்கும், பாத்து ஏறு" என்று விரல் தானாகவே தட்டியது.

மூன்றாம் வாரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"அக்கா இல்லையா? காலையிலகூட பேசினோமே."

"வெளிய போயிருக்காங்க," என்றேன். அன்று முழுக்க, யாரோ கடைக்குப் போய்த் திரும்பாத வீடு போல இருந்தது அது. இரண்டு முறை கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் குளியல் துண்டுகளை மடித்துக் கட்டிலில் வைத்தேன். தளத்தில் அக்கா எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. அதே மடிப்பு. ஓரங்கள் உள்ளே, மேலே ஒரு சுருள். அதை எனக்கு யாரும் காட்டியதில்லை. பிரித்து வேறு மாதிரி மடித்தேன். கை கேட்கவில்லை.

மாத முடிவில் மாமா போனில் முகம் காட்டினார். குறிப்பேட்டை வாசித்தேன்.

"சரி, பதினஞ்சு. நியாயம்தான்."

"அது வேலைக்கு. பதில் தனி."

"நாலு வரி தட்டுறதுக்குத் தனிக் கூலியா? நல்லா இருக்கே கதை!"

"நாலு வரி இல்ல மாமா. அக்காவா இருக்கறேன், நாள் முழுக்க. அதுக்கு எவ்வளவு கேக்கறதுன்னு எனக்கே தெரியல. பேரை மாத்திடறேன். பதினஞ்சே போதும்."

"நானூறு பேர் எழுதினது, மச்சான்."

"போகட்டும்."

"இருபத்தஞ்சு தர்றேன். பேர் இருக்கட்டும்."

எனக்குப் பணம் தேவைதான். யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வேலை முடிஞ்சதும் தளத்துல அவ கணக்கைத் திறந்து படிக்கறேன். நீ எழுதறதுன்னு தெரியும். இருந்தாலும் அவ அங்க யாரையோ பாத்து ஏறச் சொல்லிட்டு இருக்கா. அதைப் படிச்சாத்தான் தூக்கம் வருது."

"எனக்கு அதனாலதான் தூக்கம் போச்சு மாமா."

"முப்பது."

"வேண்டாம்."

அவர் இணைப்பில் இருக்கும்போதே மடிக்கணினியில் பெயரையும் படத்தையும் மாற்றினேன். உறுதியா என்று திரை கேட்டது. அழுத்தினேன். சிறிது நேரத்தில், மறுநாள் வர வேண்டிய ஒருவர் கேட்டார்: "நீங்க யாரு? அக்கா எங்க?"

"நான் அவங்க தம்பி. அக்கா ஜனவரியில இறந்துட்டாங்க. வீடு தயாரா இருக்கும், வாங்க," என்று தட்டி அனுப்பினேன்.

போனில் மாமாவின் கண்கள் வரி வரியாக நகர்ந்தன. படித்து முடித்த பிறகும் அவர் திரையை மூடவில்லை.