இன்னொரு ஏற்றம்தான்

மலை முடியில் மேகம். அடிவாரத்தில் வெயில். மாசிக் காற்றில் மூங்கில்கள் முனகிக்கொண்டிருந்தன.

வெண்முடி மலையே, உன்னைக் கும்பிட நான் வரவில்லை. சண்டை போட வந்திருக்கிறேன். போன வருஷம் இதே மாசியில், நடந்து வந்த என் வீட்டுக்காரரைத் துணியில் கட்டித் திருப்பி அனுப்பினாய்.

கூடப் போன என் தம்பி குமரேசன்தான் சொன்னான். பாதி வழியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். "எறங்கிரலாம் மாப்ள" என்றாராம். மேலிருந்து இறங்கி வந்த யாரோ ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "வந்துட்டீங்ணா. இன்னொரு ஏத்தந்தானுங்க."

இன்னும் நாலு ஏற்றம் இருந்தது. அவர் எழுந்து நடந்தார்.

இந்த மலையில் அது வழக்கம். இறங்குகிறவர் ஏறுகிறவருக்குச் சொல்லும் பொய். நல்ல மனசோடு சொல்லும் பொய். அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக.

ஏறினேன். கல்லில் ஏறினேன், மண்ணில் ஏறினேன், வேரைப் பிடித்து ஏறினேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், வந்துட்டீங்க்கா, வந்துட்டீங்க. ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடினேன். எல்லாரும் அவனாகவே இருந்தார்கள். யாரை என்று வைவது?

அவர் விழுந்த பாறை வந்தது. கை வைத்தேன். சூடாக இருந்தது. அழுதேன். நன்றாக அழுதேன்.

உச்சிக்குப் போகவில்லை. அவர் பார்க்காத உச்சி எனக்கு எதற்கு?

இறங்கும் வழியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. ஒரு கை நெஞ்சில். கூட வந்தவர்கள் கேலி பேசிக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க்கா?"

வாய் வரை வந்துவிட்டது அந்தப் பொய். ஐயோ, எனக்கும்! அவர் கண்ணில் அத்தனை ஆசை.

விழுங்கினேன். "ரொம்ப தூரமுங்ணா. உங்களால ஆவாது. எறங்கீருங்க."

அவருக்குக் கோபம் வந்தது. "அபசகுனமாப் பேசாதீங்க. வேண்டுதலுங்க இது. பாதில எறங்குவாங்களா?"

கையைப் பிடித்தேன். விடவில்லை. "எங்க வீட்டுக்காரரு இந்த மலையிலதானுங்க போனாரு. இப்படித்தான் உக்காந்திருந்தாரு."

கேலி நின்றது. கூட்டாளிகள் ஓடிப்போய் டோலிக்காரர்களைக் கூட்டி வந்தார்கள்.

அடிவாரத்து ஆம்புலன்சு வரை அவர் என்னை வைதுகொண்டே வந்தார். வேண்டுதலைக் கெடுத்த பாவி என்றார். விளங்கமாட்டாய் என்றார்.

வையட்டும் என்று பக்கத்திலேயே நடந்தேன். வைவதற்கு அவரிடம் மூச்சு இருந்தது.