முறிகண்டியில் நிற்காத பஸ்

யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே ஓடும் எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்காமல் போனதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஒரு கற்பூரம். பிறகு எதிரே உள்ள கடைகளில் சுடச்சுட வறுத்த கச்சான் என்கிற நிலக்கடலை. கோயிலால் கடைகள் வந்தன, கடைகளால் வீடுகளில் அடுப்பெரிந்தது. வீரம்மாவும் மகள் சுமித்திராவும் அந்தக் கடைகளில் ஒன்றை வைத்திருந்தார்கள்.

அந்தத் தை மாதம் புதிதாக ஒரு குளிரூட்டிய பஸ் ஓடத் தொடங்கியது. மற்றவற்றை முந்திப் போகவேண்டும், பெரிய பட்டணங்கள் தவிர இடையில் எங்கும் நிறுத்தக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அது கோயிலடியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறந்தது. சில நாட்களில் மற்றப் பஸ்களும் அதைத் துரத்திக்கொண்டு நிற்காமல் பறந்தன. மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் கச்சான் பின்னேரமும் தாச்சியில் ஆறிக் கிடந்தது.

"சாமியப் பாக்காம எத்தன நாளைக்குப் போவானுங்க? பொறுடி," என்றாள் வீரம்மா. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அவள் பேச்சு மாறவில்லை.

சுமித்திராவால் பொறுக்க முடியவில்லை. "அவை நிக்காட்டில் நான் ஏறுறன் அம்மா," என்று சொல்லி, கச்சானைக் கடதாசிச் சரைகளாகச் சுற்றிப் பையில் நிரப்பிக்கொண்டு முறிகண்டிக்கு முந்திய பட்டணமான கிளிநொச்சிக்குப் போனாள். அங்கே அதே குளிரூட்டிய பஸ்ஸில் ஏறினாள். நடத்துநர் கிருசாந்தன் தடுக்கவில்லை.

"முறிகண்டிக் கச்சான்! முறிகண்டிக் கச்சான்!"

முன் இருக்கையில், மகளின் கலியாணச் சேலை எடுக்க வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த அன்னபாக்கியம் என்ற அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?"

வழக்கமாக இந்தக் கேள்விக்குச் சுமித்திரா தாய் தகப்பன் வந்த கதையிலிருந்து தொடங்குவாள். இன்றைக்கு ஒரே சொல்லில் சொன்னாள்: "முறிகண்டி."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இதை ஏன் இங்கை விக்கிறியள்? பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திப்போட்டு அங்கையே வாங்குறனே!"

"இந்த பஸ் அங்கை நிக்காது அம்மா."

"என்ன? நிக்காதோ!" அன்னபாக்கியம் எழுந்தே விட்டாள். "நல்ல காரியத்துக்குப் போறன். பிள்ளையாரைத் தாண்டியோ போறது? தம்பி, நிப்பாட்டுங்கோ!"

அவ்வளவுதான். இரணைமடுச் சந்தி கழியும்போது பஸ் முழுக்க இரைச்சல். தூங்கியவர்கள் எழும்பினார்கள். கடைசி வரிசையிலிருந்த சிங்கள இளைஞன் ஒருவன், "முறிகண்டி நிக்கணும் ஐயா! அம்மா கச்சான் கேட்டது!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான். எல்லாரும் சிரித்துக்கொண்டே அவனோடு சேர்ந்து கத்தினார்கள்.

"என்ரை வேலை போயிடும், அம்மா," என்றார் சாரதி சுதாகரன்.

"அப்ப முதலாளியோடை நான் கதைக்கிறன். தாங்கோ போனை!"

கிருசாந்தன் அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டான். முதலாளி "ஹலோ" சொன்னதுதான் தாமதம், பஸ் முழுவதும் ஒரே குரலில் "நிப்பாட்டச் சொல்லுங்கோ!" என்று முழங்கியது. அதோ, மரங்களுக்கிடையில் கோயில் தெரிகிறது!

"என்ன அங்கை கலவரமோ?" என்றது போன்.

"முறிகண்டி வருகுது!" என்றாள் அன்னபாக்கியம். "நிக்காட்டில் நாங்கள் ஒருத்தரும் இனி உங்கடை பஸ்ஸில் ஏறமாட்டம்!"

பிறகு முதலாளி, "சரி, சரி, நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்றார்.

பிரேக் பிடித்த வேகத்தில் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள், கைதட்டிக்கொண்டே. சுதாகரன் தன் இருக்கைக்குக் கீழே குனிந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

"ஒவ்வொரு நாளும் கொண்டு வாறனான்," என்றார், சுமித்திராவைப் பார்த்து. "நிப்பாட்டேலாமல் திருப்பி வீட்டை கொண்டுபோறனான்."

கோயில் வாசலில் அவர் அடித்த அடியில் தேங்காய் சிதறியது. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கடைகளை மொய்த்தார்கள். வீரம்மாவுக்கு நிமிர நேரமில்லை. "அடியேய், சூடா வறு! சரை சுத்து!" என்று மகளை விரட்டினாள். பின்னால் வந்த பஸ்ஸும் கூட்டத்தைக் கண்டு ஓரங்கட்டியது. அதன் பின்னால் ஒரு வான், ஒரு லொறி.

அடுத்த கிழமை அந்தக் குளிரூட்டிய பஸ்ஸின் முன்கண்ணாடியில் பெரிய எழுத்தில் புதிய வாசகம் ஒன்று ஒட்டியிருந்தது: "முறிகண்டியில் நின்று செல்லும்." அதைப் பார்த்தே ஆட்கள் ஏறுகிறார்கள் என்று சுதாகரன் சொன்னார். சுமித்திரா சிரித்தபடி ஒரு சரையை நிரப்பி அவர் கையில் திணித்தாள்.