வெள்ளத்தின் பொருள்

மகனின் சட்டைக் கழுத்துப் பொத்தான் தேவநேசனின் விரல்களுக்குப் பிடிபடவில்லை. உடல் ஊதிப்போயிருந்தது. மேல் பொத்தானை அப்படியே விட்டுவிட்டார்.

ஜோயல் வேளச்சேரியில் நண்பர்களோடு வாடகை வீட்டில் இருந்தான். மழை வலுத்த அன்று பைக்கை வெளியே எடுக்க பேஸ்மென்ட்டுக்கு இறங்கியிருக்கிறான். மதில் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்துவிட்டது. மறுநாள் மோட்டார் வைத்து இறைத்த பிறகுதான் கிடைத்தான்.

இப்போது பெற்றோரின் அடையாறு வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தான். கல்லறைக்குக் கிளம்பும் முன் ஜெபம். போதகர் தேவநேசனின் காதருகே குனிந்தார்.

"சார், வழக்கமா வாசிக்கிற ஏசாயா பகுதி... அதை விட்டுட்டு வேதத்துலேர்ந்து ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா?"

வெள்ளத்தைக் கடக்கும்போது கூடவே இருப்பேன், அது உன்னை மூழ்கடிக்காது என்று கடவுள் சொல்லும் பகுதி அது. தேவநேசன் சரியென்று தலையசைத்தார்.

"அதையே வாசிங்க பாஸ்டர்," என்றாள் அவர் மனைவி சுகந்தி. "அவன் ஞானஸ்நானத்துக்கு வாசிச்சது அதுதான்."

இறையியல் கல்லூரியில் வேத வாசிப்பும் உருவகமும் கற்பிப்பவர் தேவநேசன். வாய் தானாகத் திறந்தது.

"சுகந்தி, அதுல வர்ற வெள்ளம் உருவகம்மா. சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்குச் சொன்னது. அங்க தண்ணின்னா அவங்க பட்ட பாடு..."

"அவங்களுக்கு அப்படி. எனக்கு அது தண்ணிதாங்க."

வாசிப்பவர் நிற்கும் இடத்திலிருந்துதான் உருவகம் பொருள் கொள்கிறது என்று வகுப்புதோறும் சொல்பவர் அவர்.

"அந்த இருட்டுல புள்ளைகூட இருந்தாராங்க ஆண்டவரு?"

"தெரியல, சுகந்தி."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நீங்களே வாசிங்க. நான் கேக்கணும்."

போதகர் வேதாகமத்தை நீட்டினார். தேவநேசன் வாசிக்கத் தொடங்கி, தண்ணீர் என்ற சொல்லில் நின்றுபோனார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மறுபடியும் அங்கேயே நின்றார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.



கண்ணைத் திறந்தபோது சுகந்தி பெட்டியின் மேல் குனிந்திருந்தாள். மகனின் காது மடிப்பில் காய்ந்திருந்த சேற்றை முந்தானை நுனியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூடியைத் தூக்கி வந்த இருவர் அதைப் பிடித்தபடியே நின்றார்கள்.

அவள் சுற்றி வந்து அடுத்த காதைத் துடைக்க ஆரம்பித்தாள்.